உன் நாக்கைப் பற்றி

கண்ணா,

பல்லுக்குப் போட்ட மரப்பு ஊசி நரம்பைக் கெடுத்துவிடுமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு "ஒன்றும் ஆகாது" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டேன், ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் மயக்க மருந்து கொடுத்தவள் சொல்கிற பதிலா அது? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று நாளாகியும் நாக்கின் ஒரு பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் யாருக்கும் பயம் வரும். அந்த ஊசி நரம்பைக் கெடுக்குமா என்றால், கெடுக்கும். ஆனால் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ஊசியில் இருக்கும் மரப்பு மருந்தான லிடோகைன் நரம்பு செல்லுக்குள் புகுந்து, சோடியம் நுழையும் வாசலை உள்ளேயிருந்து அடைக்கிறது. வலிச் செய்தி நகராது. மருந்தை ரத்தம் இழுத்துக்கொண்டு போனதும் வாசல் திறந்துவிடும், அவ்வளவுதான். சேதம் வருவது அந்த அடைப்பால் அல்ல, அது தனிக் கதை. மருந்து கெட்டியாக ஒரே இடத்தில் நெடுநேரம் தேங்கினால் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கிறது, அப்புறம் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

இது எங்கள் துறைக்கு உறைத்தது 1991ல். முதுகுத்தண்டு நீரில் முடி போன்ற மெல்லிய குழாயை விட்டு 5 சதவீத லிடோகைன் செலுத்தினார்கள். குழாய் மெல்லியது என்பதால் மருந்து மெதுவாகச் சொட்டி, நீரோடு கலக்காமல் அடியில் தேங்கிவிட்டது. மரப்பு போதவில்லையே என்று மேலும் மேலும் செலுத்த, அத்தனையும் அதே நரம்புக் கற்றையின் மேல்! சிலருக்குக் கால் பலம் குறைந்தது, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போயின. அடுத்த வருஷமே அமெரிக்காவில் அந்தக் குழாய்களைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

பல்லுக்குப் போடுவது பெரும்பாலும் 2 சதவீதம், அளவும் கொஞ்சம். உனக்கு ஊசி முனை நாக்கு நரம்பை உரசியிருக்கலாம், பல்லை எடுக்கும்போது நரம்பு இழுபட்டிருக்கலாம், மருந்துக்கும் பங்கு இருக்கலாம், இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலோருக்கு வாரக்கணக்கில் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஊசி குத்தியபோது ஷாக் அடித்த மாதிரி இருந்ததா? இருந்திருந்தால் பல் டாக்டரிடம் சொல். இன்னொன்று, நீ சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை அவரிடம் சொன்னாயா, இல்லை வழக்கம்போல் மறைத்தாயா? சர்க்கரையால் நலிந்த நரம்பு இந்த மருந்தை அவ்வளவாகத் தாங்காது.

எந்த இடம்வரை மரத்திருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வை, இந்த வாரமே போய்க் காட்டு. அதுவரை எதையும் சூடாகக் குடிக்காதே, அந்தப் பக்கம் மெல்லாதே. சுட்டாலும் கடித்தாலும் உனக்குத் தெரியாது.

அம்மா