எது கொடுத்தாலும் வாங்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினதோடு வாட்ஸ்அப்பில் "பழைய உடுப்பு, பாத்திரம், கொப்பி, எது இருந்தாலும் தாருங்கள்" என்ற செய்திகளும் தொடங்கிவிட்டன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளம் ஏறினால் இது இன்னும் கூடும். கொடுக்க எங்கள் சனத்துக்கு மனமில்லாமல் இல்லை. யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் ஒருவரும் யோசிப்பதில்லை, வாசலுக்கு முதலில் வருகிறவர் கையில் பையைக் கொடுத்துவிட்டு அலுமாரி காலியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

என் கணக்கு மிகச் சுலபம். "எது இருந்தாலும்" என்று கேட்கிறவருக்கு நான் ஒன்றும் கொடுப்பதில்லை. யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தவர் அப்படிக் கேட்க மாட்டார். "எட்டு வயதுக்குக் கீழே பெண் பிள்ளைகளின் சட்டை வேண்டும், சாறி வேண்டாம், பொம்மை வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்தான் வேலை தெரிந்தவர்.

போன மாரியில் எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் உரப்பைகளில் கட்டி வைத்திருந்த உடுப்புகளைப் பிரிக்கும்போது நானும் நின்றேன். முதல் பையில் மேலே ஒரு கலியாணக் கோட்டு, கீழே ஓரம் கிழிந்த பட்டுச் சாறிகள், ஒற்றைச் சப்பாத்து, பொக்கற்றில் நீல மை ஊறிப்போன வெள்ளைப் பாடசாலைச் சேட்டு, யாரோ பாவித்த உள்ளாடைகள். ஈரத்தோடு கட்டி வைத்ததில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. துவைத்துக் காயவைக்க அந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது? சேர்த்த பொடியன்கள் நல்ல பொடியன்கள்தான், ஆனால் தரம் பிரிக்க ஆளும் இல்லை இடமும் இல்லை, கடைசியில் பின்வளவில் போட்டுக் கொளுத்தினார்கள், அதுவும் ஒழுங்காக எரியவில்லை. முகநூலில் போட்ட படம் மட்டும் பைகள் அழகாக அடுக்கியிருந்தபோது எடுத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. இலங்கையிலேயே அதிகம் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், மட்டக்களப்புக் கரையிலும் நாவலடி, கல்லடி எல்லாம் துடைத்துப்போட்ட மாதிரிக் கிடந்தது. அந்த நேரம் உலகம் முழுவதும் இருந்து வந்த சாமான்களில் குளிர் நாட்டு உடுப்புகளும் இருந்தன. இந்த வெக்கையில் கம்பளிச் சட்டையை யார் போடுவது? முகாமில் இருந்த பெண்கள் கேட்டது புது உள்ளாடை, மாதவிடாய்த் துணி, சமைக்க ஒரு பானை. அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை, கேட்டுவிட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், "அவங்க நாங்க கொடுத்த சாமானை விக்கிறாங்களாம்" என்று ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள் பழைய உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதே விற்கிற கடையில்தானே. ஒக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் 1948 இல் ஒக்ஸ்போர்ட் நகரத்தில் கடை போட்டதே கொடுத்த சாமானை விற்றுக் காசாக்கத்தான். கொடுப்பவர் அங்கே வரி கட்டுகிறவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்தும் வைத்தால், விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கத்திடமிருந்து மேலே 25 பென்ஸ் நிறுவனத்துக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் 1902 இல் பொஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்த பாதிரியார் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். வசதியான வீடுகளில் பழைய சாமான் சேர்த்து, வேலையில்லாத ஏழைகளை வைத்தே அவற்றைத் தைத்துத் திருத்தி, விற்ற காசில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். குட்வில் என்ற பெரிய நிறுவனம் அப்படித்தான் வந்தது. தையல் மெசினை வைத்துக் குடும்பம் பார்க்கிற பெண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! பழைய சாறியைப் பாவாடையாகவும் தலையணை உறையாகவும் தைத்துச் சந்தையில் விற்கிற ஒரு மகளிர் சங்கம் இருந்தால் என் வீட்டுச் சாறி எல்லாம் அங்கேதான் போகும்.

ஆனால் விற்பது யார், காசு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். கனடாவில் வல்யூ வில்லேஜ் என்று ஒரு கடை, பார்த்தால் தர்மக்கடை மாதிரி இருக்கும், உண்மையில் அது இலாபத்துக்கு நடக்கிற கம்பனி, தொண்டு நிறுவனங்களுக்குச் சாமானுக்கென்று ஒரு தொகை கொடுக்கும், மிச்சம் வியாபாரம். அதில் ஒளிவுமறைவு இல்லாவிட்டால் சரி. இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். நூறு ரூபாய்க்கு ஒரு சட்டை என்று பலகையில் எழுதி வைத்து விற்றால் வாங்குகிற தாய் தனக்குப் பிடித்ததைப் பார்த்து எடுப்பாள், வரிசையில் நின்று, கமராவுக்கு முன்னால் கைநீட்டி வாங்குவதைவிட அவளுக்கு அது எவ்வளவோ மேல். நிவாரணம் வாங்குகிற பிள்ளையின் முகத்தை முகநூலில் போடுகிறவர்களுக்கு ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்க மாட்டேன்.

பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்ய 1980 இலேயே சட்டம் வந்துவிட்டது. சிறுவர் இல்லம் என்றால் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிந்தவர் எல்லாம் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பதிவிலக்கம் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஒருவரையும் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள். எந்த வீட்டில் சக்கர நாற்காலி தேவை, எந்தக் கிழவிக்குப் படுக்கக் கட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் செத்தவரின் ஊன்றுகோலும் கட்டிலும் சும்மா கிடந்தால் உடுப்பைவிட அதற்குத்தான் தேவை அதிகம்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை கிழக்குச் செய்திப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த இல்லத்துக்கு, எந்தச் சங்கத்துக்கு என்ன தேவை, என்ன வேண்டாம், எந்த நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போடுங்கள். "வேண்டாம்" என்ற பகுதியை நிரப்பாமல் அனுப்புகிறவர்களின் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.