மன்றங்களின் நிதி விண்ணப்பங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் தமிழ் மன்றம், நுண்கலை மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், வினாடி வினா மன்றம் என ஒவ்வொன்றுக்கும் புதிய பொறுப்பாளர்கள் நியமிக்கப்படும் காலம் இது. தொடக்க விழாச் செய்திகளும் படங்களும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் தொடர்ந்து வருகின்றன. ஆனால் விழா முடிந்த பிறகு அந்த மன்றங்கள் ஆண்டு முழுவதும் எந்தப் பணத்தில் இயங்குகின்றன, அந்தப் பணத்தை மாணவர்கள் யாரிடம், எவ்வாறு கேட்டுப் பெறுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் பணியாற்றி, மன்றப் பொறுப்பாசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் அறிந்த கல்லூரிகள் பலவற்றில் மன்ற நிதிக்கென்று அச்சிட்ட விண்ணப்பப் படிவம் கிடையாது. கடைசித் தேதி கிடையாது. ஒரு மன்றம் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்ற வரம்பும் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. மாணவர் ஒரு வெள்ளைத் தாளில், பொறுப்பாசிரியர் வழியாகவும் துறைத்தலைவர் வழியாகவும் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுவார். இரண்டு கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் ஆகிவிடும். அதன்பின் அந்தக் கடிதம் அலுவலகத்துக்குள் போகும். ஏற்கப்பட்டது என்றோ மறுக்கப்பட்டது என்றோ எழுத்தில் எந்தப் பதிலும் வருவதில்லை. நேரில் போய்க் கேட்டால் "பார்க்கலாம்", "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்பார்கள். அலுவலகத்தில் முகம் தெரிந்த மன்றத்துக்கும் முதல்வரின் துறையைச் சார்ந்த மன்றத்துக்கும் பணம் கிடைக்கும். மற்றவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவார்கள்.

நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் விலங்கியல் மாணவர்கள் சிலர் பறவை நோக்கும் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் தங்கள் ஊர் ஏரிகளையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இரண்டு பைனாகுலர், ஒரு தமிழ்க் கையேடு, நான்கு ஏரிகளுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் எனத் தெளிவாகக் கணக்கிட்டு ஆகஸ்ட் மாதமே விண்ணப்பித்தார்கள். எந்தத் தலைப்பின் கீழ் இதைச் செலவு எழுதுவது என்று தெரியாமல் அலுவலகம் அதை அப்படியே வைத்திருந்தது. பொங்கல் வந்தது. மாணவர்கள் இரவல் வாங்கிய ஒரே ஒரு பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு ஏரிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் அழைப்பு வந்தது: பணம் இருக்கிறது, 31ஆம் தேதிக்குள் பில் கொண்டுவந்து கொடுங்கள் என்று. வலசைப் பறவைகள் திரும்பத் தொடங்கிவிட்ட, பருவத் தேர்வு நெருங்கிவிட்ட நேரத்தில் அந்தப் பணத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? கல்வியாண்டு ஜூனிலும் நிதியாண்டு ஏப்ரலிலும் தொடங்குவதால் வரும் இந்தச் சிக்கல் ஒவ்வோர் ஆண்டும் வருவதுதான். ஒவ்வோர் ஆண்டும் வருவது தெரிந்திருந்தும் அதற்கேற்ப முன்கூட்டியே முடிவெடுக்காமல் இருப்பதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைவிடவும் என்னை வருத்துவது, முதலில் கைப்பணத்தைச் செலவு செய்துவிட்டுப் பிறகு பில் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை. பெற்றோர் கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் ஒரு மாணவி, மூவாயிரம் ரூபாயைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே மன்றச் செயலாளர் பொறுப்பு, திறமையும் ஆர்வமும் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கப்படாமல், வீட்டில் பணம் வாங்க முடிந்தவர்களுக்கே போய்ச் சேருகிறது.

பில் விஷயமும் அப்படித்தான். மைக்செட் வாடகைக்கும் கல்லூரி வாசல் தேநீர்க் கடைக்கும் ஆட்டோவுக்கும் ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது கிடைக்காது. அந்தச் செலவை ஏற்க முடியாது என்று அலுவலகம் சொல்லும்போது, மாணவர்கள் தெரிந்த ஸ்டேஷனரி கடையில் அதே தொகைக்கு வேறு பொருளின் பெயரில் ஒரு பில் எழுதி வாங்கி வந்து விடுகிறார்கள். எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நேர்மையாகச் செலவு செய்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, உண்மையான கணக்கு செல்லாது, பொய்யான பில்தான் செல்லும் என்ற பாடத்தைக் கல்லூரியே கற்றுக் கொடுக்கிறது. இது சிறிய கேடு அன்று.

விதிமுறை எழுதி வைத்த இடத்தில் வேலை நடக்கிறது என்பதற்கு நாட்டு நலப்பணித் திட்டமே சான்று. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமில் பங்கேற்க வேண்டும், வழக்கமான பணிகளுக்குத் தலைக்கு இவ்வளவு, முகாமுக்கு இவ்வளவு என்று வரையறை உண்டு. நீண்ட காலம் அது முறையே 250 ரூபாயாகவும் 450 ரூபாயாகவும் இருந்தது. தொகை போதாது என்பதையும் தாமதமாக வந்ததையும் நான் அறிவேன். ஆயினும் எவ்வளவு வரும் என்பது முன்னதாகவே தெரிந்திருந்ததால், யாருடைய தயவையும் எதிர்பாராமல் முகாமுக்குத் திட்டமிட முடிந்தது. ஒரு நாடக மன்றத்துக்கோ வாசகர் வட்டத்துக்கோ அந்த உறுதி ஏன் கிடைக்கக் கூடாது?

மேலும், இது யாருடைய பணம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டிருந்தாலும், சேர்க்கையின்போது சிறப்புக் கட்டணம் என்ற பெயரில் பல இனங்களுக்கு மாணவர்கள் பணம் கட்டத்தான் செய்கிறார்கள். எல்லோரும் கட்டிய பணத்தைப் பகிரும்போது பாரபட்சம் கூடாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒரு மாணவர் இதழின் அச்சுச் செலவான 5,862 டாலரை, அது கிறிஸ்தவ சமயக் கண்ணோட்டத்தில் எழுதப்படுகிறது என்பதற்காக மறுத்தது தவறு என்று 1995இல் தீர்ப்பு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழக வழக்கில் 2000ஆம் ஆண்டில், மாணவர்களிடம் கட்டாயக் கட்டணம் பெறலாம், ஆனால் அதைப் பகிரும்போது எந்தக் கருத்தின் பக்கமும் சாயக்கூடாது என்று அந்நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் 2015 மே மாதம் சென்னை ஐஐடி, அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கி, கடும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் மாதத்தில் திரும்ப வழங்கியதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும். அங்கீகாரம் இல்லாத மன்றம் அரங்கமும் கேட்க முடியாது, நிதியும் கேட்க முடியாது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நம் மாநிலத்தில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அதன் பல பகுதிகள் எனக்கும் உடன்பாடானவை அல்ல. எனினும், மாணவர்கள் நடத்தும் மன்றங்களுக்கு நிதி வழங்கும் வழிமுறை ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று அதில் கூறியிருப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தர மதிப்பீட்டுக்கு மாணவர் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டுப் படங்களுடன் அனுப்பும் கல்லூரிகள், அந்த நிகழ்ச்சிகளுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அதே அக்கறையுடன் வெளியிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, நிதி ஒதுக்கீட்டையும் செலவு விவரங்களையும் எவரும் கேட்காமலே வெளியிடும் கடமையைப் பொது அதிகார அமைப்புகள் மீது சுமத்தியிருக்கிறது. மன்ற நிதிக்கு மட்டும் அதில் விலக்கு எதுவும் இல்லை.

மாணவர்கள் கையில் பணம் கொடுத்தால் வீணாக்கி விடுவார்கள் என்று என் சக ஆசிரியர்களே சொல்வதுண்டு. என் அனுபவத்தில், கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் பெரியவர்களைவிட அவர்களே துல்லியமாக எழுதுகிறார்கள். கல்லூரி பணம் தராதபோதுதான் அவர்கள் தனியார் பயிற்சி நிலையங்களிடமும் நகைக்கடைகளிடமும் உள்ளூர் அரசியல் பிரமுகர்களிடமும் நன்கொடை கேட்டு நிற்கிறார்கள். பிறகு இலக்கியக் கூட்டத்தின் ஃபிளெக்ஸ் பேனரில் கவிஞரின் படத்தைவிடப் பெரிதாக நன்கொடையாளர் படம் இடம் பெறுகிறது.

ஆகவே உயர்கல்வித் துறையையும் கல்லூரிக் கல்வி இயக்ககத்தையும் பல்கலைக்கழகப் பதிவாளர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான, இரண்டு பக்கத்துக்கு மிகாத, தமிழிலும் நிரப்பக்கூடிய ஒரு விண்ணப்பப் படிவத்தை வெளியிடுங்கள். ஜூலை இறுதிக்குள் விண்ணப்பங்களைப் பெற்று, மாணவர் பிரதிநிதிகளும் இடம்பெற்ற குழுவின் மூலம் ஆகஸ்ட் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் கொடுங்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை திருத்தி எழுத முடியும். ஒப்புதல் பெற்ற தொகையில் பாதியையாவது முன்பணமாகப் பொறுப்பாசிரியரின் கையொப்பத்துடன் வழங்குங்கள். ரசீது கிடைக்காத சிறு செலவுகளுக்கு மாணவரும் ஆசிரியரும் கையெழுத்திட்ட வவுச்சரை, ஒரு வரம்புக்குள், ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மன்றம் எவ்வளவு கேட்டது, எவ்வளவு பெற்றது என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இவற்றில் எதற்கும் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. வரும் பருவத்திலிருந்தே தொடங்கினால், இப்போது முதலாமாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பை முடிப்பதற்குள் இதன் பலனைப் பெறுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.