தலைப்பை மாற்றினால் காப்பி குறையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் அசைன்மென்ட்டை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள் என்று பழியை முழுக்க அவர்கள் மேலேயே போடுகிறோம். ஓர் ஆசிரியராக என் தவறையும் சொல்லியாக வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பல ஆண்டுகளாக ‘காவிரி டெல்டாவின் பாசன முறை’ என்றே தலைப்புக் கொடுத்தேன். கரிகாலன், கல்லணை, 1934-ல் மேட்டூர் அணை என எல்லாத் தாளிலும் ஒரே வரிசை. கைப்பட எழுதச் சொல்லியும் பார்த்தேன். செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைவலிக்க எழுதிவந்தார்கள், அவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு கருத்துத் திருட்டு விதிகளும் ஆய்வேடுகளுக்கானவை. அசைன்மென்ட் அதில் வராது.

சரி, கேள்வியையே மாற்றுவோம் என்று போன ஆண்டு இப்படிக் கேட்டேன்: உங்கள் ஊர் வயலுக்கு எந்த ஆறு, எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது? மேட்டூர் திறந்து எத்தனை நாளில் உங்கள் மடைக்கு வந்தது? வீட்டுப் பெரியவர்களிடமோ, மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கரிடமோ கேட்டு எழுதுங்கள். முதல் வாரம் யாரிடம் என்ன கேட்டார்கள் என்ற குறிப்பு, அடுத்த வாரம் கட்டுரை, அப்புறம் என் எதிரில் மூன்று நிமிடப் பேச்சு.

ஒரு மாணவர் ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தொடங்கி, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் தன் ஊர் ‘சி’ வாய்க்கால் என்ற சிறு கிளை வாய்க்கால் வரை கையால் படம் வரைந்து வந்தார். கடைமடையிலிருந்து வரும் ஒரு மாணவி, தண்ணீர் தாமதமானதால் ஊரே நாற்று நடாமல் நேரடி விதைப்புக்குப் போனதையும், அதனால் தன் அம்மாவுக்கு நடவு வேலை இல்லாமல் போனதையும் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

இரண்டு பேர் அப்போதும் எங்கிருந்தோ எடுத்துத்தான் கொடுத்தார்கள். மூன்று நிமிடப் பேச்சில் தெரிந்துவிட்டது. மதிப்பெண்ணைக் குறைக்காமல் இன்னும் ஒரு வாரம் கொடுத்தேன்; கேட்டு எழுதி வந்தார்கள்.

ஐம்பது பேர் குறிப்பையும் படித்து, ஒவ்வொருவரையும் பேசவைக்க நேரம் பிடிக்கிறது. ஒரு பருவத்தில் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று அசைன்மென்ட் இருந்தால் இது நடக்காது. பல்கலைக்கழகங்கள் அதை ஒன்றாகக் குறைத்து, தலைப்பை வகுப்பு ஆசிரியரே அந்தந்த ஊருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்,
மன்னார்குடி.