தாயான பின் வென்ற கிளைஸ்டர்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாயான பிறகு களம் திரும்பும் வீராங்கனைகளைப் பற்றிப் பேசும்போது பெல்ஜியத்தின் டென்னிஸ் வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸை மறக்கக் கூடாது. 2007-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு மகள் ஜாடா பிறந்தாள். 2009 தொடக்கத்தில், கால்பந்து வீரராக இருந்த அப்பாவையும் இழந்தார். அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில் நுழைந்து, வில்லியம்ஸ் சகோதரிகள் வீனஸ், செரினா இருவரையும் வீழ்த்தி, இறுதிப் போட்டியில் டென்மார்க்கின் வோஸ்னியாக்கியை 7-5, 6-3 என வென்றார். ஒன்றரை வயது ஜாடா ஆடுகளத்தில் குடுகுடுவென்று நடந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அப்புறம், இன்னொன்று. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் டென்னிஸின் பெரும் போட்டிகளில், தான் ஆடிய முதல் நான்கு இறுதிகளிலும் தோற்றவர் இவர். 2005-ல், ஐந்தாவது முறைதான் கோப்பை கைக்கு வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தத் தோல்விகளின்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ரசிகை