அடுப்பைக் கொடுக்கும் முன் அதில் களி கிண்டிப் பாருங்கள்

கிராமத்து வீடுகளுக்கு அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் என்று திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். யார் எதற்குக் கடன் வாங்குகிறார்கள், வாங்கிய சாமான் ஓடுகிறதா, பரணில் கிடக்கிறதா என்பதெல்லாம் வீடு வீடாகப் போகிறபோது கண்ணில் படும். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

கொடுத்த பொருளைக் கிராமத்து ஆட்கள் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை, விழிப்புணர்வு போதவில்லை என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் பெண்கள் ஒரு பொருளை ஒதுக்கி வைத்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை யாரும் வந்து கேட்பதில்லை.

கேஸ் அடுப்பையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் மாநில அரசு இலவச இணைப்போடு அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. 'வெடிச்சிரும்' என்று முதலில் பயந்தவர்கள்கூட இன்று பயமில்லாமல் பற்றவைக்கிறார்கள். ஆனாலும் கொல்லையில் விறகடுப்பு எரிகிறது. உஜ்வாலா குடும்பங்கள் 2023-24-இல் சராசரியாக ஆண்டுக்கு 4 சிலிண்டர்கூட வாங்கவில்லை என்பது அரசே சொன்ன கணக்கு. விலை முதல் காரணம்தான். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டினால் காசு செலவில்லை. ஆனால் விலையோடு கதை முடியவில்லை.

கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டியதும் இறுக ஆரம்பிக்கும். கட்டி தட்டாமல் இருக்கத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கிக் கிண்ட வேண்டும். பானை நகராமல் இருக்க அதன் கழுத்தில் கவட்டைக் கம்பைக் கொடுத்து அழுத்திக்கொள்வார்கள். தரையோடு தரையாகக் கட்டிய மண் அடுப்பு இந்த வேகத்தைத் தாங்கும். இடுப்பு உயர மேடையில் நிற்கிற தகர அடுப்பு தாங்காது. அடுப்பே நகரும், ரப்பர் குழாய் இழுபடும். அதனால் சில வீடுகளில் கேஸ் அடுப்பைத் தரைக்கு இறக்கிவிட்டார்கள். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அந்த விதியை எழுதியவர்கள் எங்கள் சாப்பாட்டை நினைத்துப் பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் டீயும் பிள்ளைக்குப் பாலும் கேஸில், களியும் வெந்நீரும் நெல் அவிப்பதும் விறகில் என்று பிரித்துக்கொண்டார்கள்.

குக்கர் கதையும் இதே மாதிரிதான். குக்கரில் வைத்தால் கஞ்சி வடியாது. வடிகஞ்சி இல்லையென்றால் மாட்டுக்குக் கழுநீர்ப் பானையில் ஊற்ற என்ன இருக்கிறது? மறுநாள் காலை வெயிலில் களையெடுக்கப் போகிறவர்களுக்கு நீராகாரமும் வேண்டும். குக்கர் சோறு ராத்திரி தண்ணீரில் கிடந்தால் குழைந்துவிடுகிறது என்று வயசான அம்மாக்கள் சொல்வார்கள். பருப்பு வேகவைக்க அதே குக்கரை அவர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

புகைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஊதாங்குழல் ஊதி ஊதி இருமலோடு காலம் தள்ளிய என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். புகை போக வேண்டும். அதற்காகவே சொல்கிறேன்: 1983-இல் தொடங்கி 2002 வரை நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புத் திட்டம் நடந்தது. 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வைத்தார்கள். இன்று தேடினாலும் ஒன்று கிடைப்பது கஷ்டம். எல்லார் வீட்டுப் பானைக்கும் ஒரே அளவு வாய், கரி அடைத்தால் சுத்தம் செய்ய ஆள் இல்லாத புகைபோக்கி, கூரையில் ஓட்டை போட்டதால் மழைக்கு ஒழுகல். பெண்கள் புகைபோக்கியைக் கழற்றிவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள்.

2011 செப்டம்பரில் மாநில அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது கிரைண்டருக்கு எந்தப் பிரச்சாரமும் தேவைப்படவில்லை. ஆட்டுக்கல் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை தேய்ந்தவர்களுக்கு அதன் அருமை உடனே தெரிந்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-இல் கரண்ட் வருகிற நேரம் பார்த்து, நடுச்சாமத்தில் எழுந்துகூட மாவு ஆட்டினார்கள். பிறகு அதே கிரைண்டரில் மாவாட்டி விற்றுக் குழுக்கடனை அடைத்தவர்களும் உண்டு. மின்விசிறியைக் களத்துக்குத் தூக்கிப்போய், காத்தில்லாத நாளில் உளுந்து தூற்றுகிறார்கள். எந்த அரசாணையிலும் இல்லாத உபயோகம் இது. நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மிக்ஸி அவ்வளவு நாள் நிற்கவில்லை. கப்ளர் தேய்ந்தது, கார்பன் பிரஷ் போனது என்று சின்னச் சின்னக் கோளாறுக்கே பரணுக்குப் போய்விட்டது. மாற்ற ஊரில் ஆள் இல்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அம்மியைக் கழுவி மறுபடி அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது இண்டக்ஷன் அடுப்பு பற்றிப் பேசுகிறீர்கள். 20 லட்சம் அடுப்புகளை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் வீடுகளில் புழங்குவது அலுமினியப் பானையும் மண்சட்டியும். இரண்டுமே அதில் சூடாகாது; காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம் வேண்டும். சாயங்காலம் டியூப்லைட்டே மினுக்குகிற வோல்டேஜில் 1,500 வாட் அடுப்பு எப்படி எரியும்? பாத்திரத்துக்கும் வயரிங்குக்கும் பணம் ஒதுக்காமல் அடுப்பை மட்டும் கொடுத்தால், அடுத்த ஆய்வுக் கூட்டத்திலும் பழி எங்கள் பெண்கள்மேல்தான் விழும்.

டெண்டர் விடுவதற்கு முன், மாதிரி அடுப்பு ஒன்றைச் செல்லம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். களி கிண்டட்டும், சோறு வடிக்கட்டும், ஒரு மாதம் வைத்துப் பார்த்துக் குறை சொல்லட்டும். அந்தக் குறை டெண்டர் நிபந்தனையில் ஏற வேண்டும். அழகர்கோவில் பக்கம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்த சின்னப்பிள்ளை அம்மா 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாமலே கணக்கு வழக்கைக் கையில் எடுத்தவர்கள் இந்த மாவட்டத்துப் பெண்கள். ஒரு அடுப்பு நல்லதா என்று சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

கூடவே, ஒவ்வொரு ஒன்றியத்திலும் குழுப் பெண்கள் சிலருக்கு மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு ரிப்பேர் பார்க்கப் பயிற்சியும் உதிரிப் பாகங்களும் கொடுங்கள். பொருள் வழங்கி ஆறு மாதம் கழித்து ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்க்கட்டும். வருகிறவர் பெண்ணாக இருந்தால் எங்கள் பெண்கள் இன்னும் மனம் விட்டுப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு குழுக் கணக்காளர்