நீர்நாயின் முதல் குரலுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சினிமா வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போய்விட்டாய். இங்கே சிங்கப்பூரில், பிள்ளைகளுக்கான நம் தொடரில் நீ குரல் கொடுத்த நீர்நாய்க்கு வேறு குரல் வைப்பதென்று முடிவு செய்துவிட்டோம்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நீயும் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருப்பாய், பேச்சு முடிந்திருக்கும். அப்படி முடிவதில் எனக்கு விருப்பமில்லை. அதோடு, 'அந்த நீர்நாய் அண்ணன் எங்கே?' என்று நூலகத்திலும் தேக்கா சந்தையிலும் என்னை நிறுத்திக் கேட்கிற அம்மாக்களுக்கும் ஒரு பதில் வேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் அம்மாவும் படிப்பார். சில இடங்களில் நான் பட்டும் படாமலும் எழுதினால் காரணம் உனக்குத் தெரியும்.

முதலில் மன்னிப்பு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குரல்தேர்வு வைத்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய். 'உங்க இஷ்டம் அக்கா' என்று சொல்லியிருப்பாய். அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் தேர்வே வைத்திருக்க முடியாது. குரல் உன்னுடையது, சரி. நீர்நாய் உன்னுடையது மட்டுமா? விடியற்காலையில் காலாங் ஆற்றோரம் போய் நின்று, அந்தக் குடும்பம் ஒன்றையொன்று எப்படிக் கூப்பிடுகிறது என்று கேட்டவர்கள் நாம் எல்லோரும்தான். அதன் வால் தண்ணீரில் வளையும் விதம் சரியாக வரும்வரை நம் ஓவியர் எத்தனை முறை வரைந்தார் என்பது உனக்கே தெரியும். உன்னிடம் சொல்லாததில் எனக்கு வருத்தம் உண்டு. முடிவில் வருத்தமில்லை.

அந்த மழை ராத்திரியை மட்டும் என்னால் தாண்டி வர முடியவில்லை. ஜாலான் புசாரில் அந்தக் கடைவீட்டு மாடியறை. ஏர்கான் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று அணைத்துவிட்டு, எல்லோரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். குட்டி நீர்நாய் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, மழைநீர்க் கால்வாயில் தனியாக நின்று கூப்பிடும் காட்சி. எத்தனை முறை எடுத்தும் அது பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அப்போது நீ ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பி, சுவரோடு ஒட்டி நின்று, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாய். பல்லிடுக்கில் காற்றை இழுத்து, அந்தக் கீச்சுச் சத்தம் பாதியில் உடைந்து, திரும்ப எழுந்து. ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உன்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ திரும்பியபோது உன் நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. யாரும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை.

அப்புறம் கீழே கோப்பிக்கடையில் தே ஹாலியாவை, அதுதான் இஞ்சித் தேநீரை, வைத்துக்கொண்டு நீ கைப்பேசியில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை கார்ட்டூனைப் போட்டுக் காட்டினாய். உனக்கு அது மனப்பாடம். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: 1940இல் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது, 'யூ ஆட் டு பி இன் பிக்சர்ஸ்'. ஓவியர்கள் சாப்பிடப் போன நேரத்தில் டாஃபி வாத்து, போர்க்கி பன்றியிடம் ஆசை காட்டும். கார்ட்டூனில் என்ன இருக்கிறது, பெரிய படத்துக்குப் போ, வாரம் மூவாயிரம் டாலர், நடிகை பெட்டி டேவிஸுக்கு ஜோடி என்று. பன்றியும் முதலாளியிடம் போய் ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டுத் தன் குட்டிக் காரில் கிளம்பிவிடும். ஸ்டூடியோ வாசலில் காவலாளி உள்ளே விடமாட்டார்.

அந்த வாசல் காட்சியில்தான் நீ நிறுத்தினாய். காவலாளியாக நிற்பவர் கதை எழுதும் மைக்கேல் மால்டீஸ், ஆனால் அவருக்கும் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். பன்றிக்கும் அவர்தான், வாத்துக்கும் அவர்தான். "வாசல்ல நிக்கிறவனும் அவர்தான், உள்ளே விடாதவனும் அவர்தான் அக்கா" என்றாய். நான் ஏதோ தொழில்நுட்பம் பேசுகிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன். நீ கிளம்புவது அப்போதே முடிவாகியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் உனக்கும் எனக்கும் நடுவே இரண்டு கோப்பைதான் இருந்தது.

நான்தான் உன்னைக் கோடம்பாக்கத்துக்குத் தூண்டிவிட்டேன் என்று ஒரு பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது. யார் சொன்னார்கள் என்று எழுதமாட்டேன். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சம்பள விஷயத்தையும் இங்கே தொடப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நீ போன புதிதில் 'திரும்பி வந்துடுவான்' என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. அந்தக் கார்ட்டூனில் முதலாளி லியோன் ஷ்லெஸிங்கர் தானே நடித்திருப்பார், பன்றி வெளியே போனதும் இதையேதான் சொல்வார். பன்றியும் படப்பிடிப்பைக் கெடுத்து, துரத்தப்பட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவரும். பார்த்தால் கிழித்தது நிஜ ஒப்பந்தமே இல்லை. எல்லோரும் இதைப் பார்த்துவிட்டு, அவரவர் இடத்தில் இருந்தால் நல்லது என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. படம் எடுத்தது அந்த நிறுவனம், முதலாளியாக வருபவர் முதலாளி. பன்றி திரும்பி வராமல் எப்படி இருக்கும்? இயக்கிய ஃப்ரிஸ் ஃப்ரீலெங்கே 1937இல் எம்ஜிஎம் என்ற வேறொரு ஸ்டூடியோவுக்குப் போய், 1939இல் வார்னருக்குத் திரும்பியவர். வந்ததும் எடுத்த படங்களில் ஒன்று இது. அவருக்குத் திரும்புவது சரியாக இருந்திருக்கலாம். அதை உன் தலையில் கட்ட யாருக்கும் உரிமையில்லை. சாலிகிராமத்தில் பகிர்ந்துகொண்ட அறையிலிருந்து தன் புகைப்படத் தொகுப்போடு தினமும் கிளம்புகிறவனுக்கு, சில நிமிடங்களில் வீடு சேர்க்கிற திரைக்கதையை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இவ்வளவும் உனக்காக மற்றவர்களிடம் வாதாடியவள் நான். நீயோ நடுராத்திரியில் கூப்பிட்டு, 'நீர்நாய் எப்படி இருக்கு, அடுத்த பகுதி எப்ப, நான் வந்து ரெண்டு நாள்ல பேசித் தந்துடுறேன்' என்கிறாய். வருகிறேன் என்று சொன்ன ஒரு முறையாவது வந்தாயா? தமிழ்மொழி விழா மேடையில் நீர்நாய் இல்லாமல் மைனாவையும் ஆமையையும் வைத்துச் சமாளித்தோம். முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, 'நீர்நாய் செத்துப் போச்சா?' என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தான். அவன் முன்னால் நின்றது நான், நீ இல்லை. அங்கே உனக்குக் கதவு திறக்காத நாளில் வந்து உட்கார இங்கே ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கச் சொல்கிறாய். அதை நான் துடைத்துக்கொண்டிருக்கும் வரை நீ அங்கே முழு மனதோடு நிற்கமாட்டாய் என்றும் நினைக்கிறேன். உன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேனா, அலுப்பில் சொல்கிறேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. போர்க்கிக்கு முதலில் குரல் கொடுத்தவர் பிளாங்க் இல்லை, ஜோ டோகர்ட்டி. 1935இல் தொடங்கியவர். அவருக்கு உண்மையாகவே திக்குவாய். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாமல் ஒலிப்பதிவு நீண்டு செலவு ஏறியது. 1937இல் பிளாங்க் வந்தார். திக்குவதையும் அளந்து செய்யத் தெரிந்தவர். இன்று உலகத்தின் காதில் இருப்பது அவருடைய போர்க்கிதான். ஆனால் அந்தத் திக்கல் பன்றிக்கு வந்தது டோகர்ட்டியின் சொந்த நாக்கிலிருந்து. பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. பிளாங்கின் பெயரே திரையில் வரச் சில வருடம் ஆனது. அதுவும் சம்பள உயர்வு கேட்டு, கிடைக்காமல், அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நம் நீர்நாயின் கீச்சு, மூச்சு, கோய் மீனைத் திருடும்போது அது முணுமுணுக்கிற 'ம்ம்ம் வாசம்', எல்லாம் உன் தொண்டையில் பிறந்தவை. புதிதாக வரும் பெண் அவற்றைக் கேட்டுத்தான் பழகுகிறாள். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள், வெட்கப்படுகிறாள், ஆனால் சுவரைப் பார்த்துக் கூப்பிடும் அந்த உத்தியை நான் சொல்லாமலே தானாகச் செய்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது. கால்வாய்க் காட்சியை மறுபடி பதிவு செய்யமாட்டோம். அது உன் குரலிலேயே இருக்கும். முழு ஒலிக்கோப்பையும் ஒரு வன்தட்டில் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், யாராவது சென்னைக்கு வரும்போது எடுத்துவரட்டும். வாய்ப்புக் கேட்டுப் போகும் இடங்களில் போட்டுக் காட்டு. முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு திரியாதே, உன்னிடம் அதைவிடப் பெரிய சொத்து இருக்கிறது.

தலைப்பு அட்டையில் 'நீர்நாயின் முதல் குரல்' என்று தனி வரி போடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பகுதியிலும் வரும். சினிமாவுக்காகப் பெயரை மாற்றிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். அதையும் வேறு யாரோதான் சொன்னார்கள். இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்தது பழைய பெயர். எதைப் போடுவது? வியாழக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல். கட்டைவிரல் அனுப்பாதே, பெயரை எழுதி அனுப்பு.

அக்கா