குகைக்குள் உலர்ந்த புழுக்கையைக் கூட்டுவதையும் பிளீச்சிங் பவுடர் தூவுவதையும் நிறுத்தக் கோரி மனு (நான்காம் முறை)

அனுப்புநர்
சேர்வராயன் மலைக் காப்புக்காட்டுக் குகைகளில் பருவகாலக் காவல் வேலை பார்க்கும் தற்காலிக வாச்சர்கள் 12 பேர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வன அலுவலர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கோடைக் கூட்டத்துக்கு முன் வௌவால் குகைகளைத் துடைப்பத்தாலும் பிளீச்சிங் பவுடராலும் சுத்தம் செய்யச் சொல்லும் வாய்மொழி உத்தரவை நிறுத்துதல், சுவாசக் கவசம் வழங்குதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் நேரில் கொடுத்த முந்தைய மூன்று மனுக்கள். ஒப்புகைச் சீட்டுகள் எங்களிடம் உள்ளன. பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு இந்த மலை புதிதல்ல. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியைத் தாண்டி, காப்பித் தோட்டங்கள் முடிந்து காப்புக்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் பாதை பிரிகிறது. சேர்வராயன் கோயில் குகை வழிபாட்டு இடம், கரடிக்குகை தோட்டத்து நிலம். அவ்விரண்டைப் பற்றியும் இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை. காப்புக்காட்டுக்குள் வௌவால் அடைகிற, ஒரே வாசல் உள்ள குகைகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறோம்.

எங்களில் பெரும்பாலோர் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். முதல் பருவமோ இரண்டாம் பருவமோதான் வேலை பார்க்கிறோம். மாசியிலிருந்து வைகாசி வரை நாள் கூலி. வருகிறவர்களை எண்ணி ஆறு ஆறு பேராக உள்ளே விடுவது, தீப்பந்தம், பட்டாசு, பாட்டில் கொண்டு போகாமல் தடுப்பது, உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவது, பாறையில் பெயர் எழுதுகிறவர்களைப் பிடிப்பது, வாசலில் மலைத்தேன் கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கமே யாரையும் விடாமல் இருப்பது. இந்த வேலைகளில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, விரும்பித்தான் வந்தோம். குறை ஒன்றே ஒன்று. அதை நான்காவது முறையாகப் பணிவுடன் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. சித்திரை பிறந்ததும் ஒரு வாய்மொழி உத்தரவு வருகிறது: 'கோடை விழாவுக்குள் குகையைக் கூட்டி, பவுடர் போட்டு, நாற்றம் இல்லாமல் செய்யுங்கள்.' ஆளுக்கு ஒரு தென்னந்துடைப்பமும், எல்லோருக்குமாக ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும் வருகின்றன. முகத்துக்கு அவரவர் துண்டு.

ஐயா, கோடையில் வௌவால் புழுக்கை பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். துடைப்பம் பட்டதும் காபித்தூள் போல எழும். நம் மலைக் குகைகள் சார்னோக்கைட் கருங்கல்லில் விழுந்த வெடிப்புகளும், பாறை மேல் பாறை சாய்ந்து உண்டான பொந்துகளும்தான். மறுபக்கம் வழி கிடையாது. உள்ளே எழுந்த தூசி அடங்க வெகு நேரமாகும், வெளியே போகவும் வழியில்லை. வௌவால் எச்சம் படிந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சை வளரக்கூடும். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. துண்டின் நூல் இடைவெளி அவற்றுக்கு வாசற்கதவு மாதிரி. மூச்சில் போன 3 முதல் 17 நாளுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு வலி வரலாம். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிவதும் உண்டு. 'எங்கே வேலை செய்கிறாய்' என்று மருத்துவர் கேட்காவிட்டால், நாமும் சொல்லாவிட்டால், தப்பான நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டியதுதான்.

2. தூசியைவிடக் கொடியது பவுடர். இதைத்தான் முந்தைய மூன்று மனுவிலும் எழுதினோம், இதிலும் எழுதுகிறோம். வௌவால் சிறுநீரும் புழுக்கையும் சேர்ந்த தரையில் எப்போதும் அம்மோனியா இருக்கும். வாசலிலேயே மூக்கில் ஏறுவது அதுதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும், ஆனால் அம்மோனியா அங்கேயே இருக்கும். அதன் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் இரண்டும் சேர்ந்து குளோரமைன் ஆவி கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு நிற்கும். குனிந்து கூட்டுகிறவரின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கண் எரிந்து நீர் கொட்டும், தொண்டை இறுகும், இருமல் நிற்காது. வெளியே வந்து தண்ணீர் குடித்தால் சரியாகிவிட்டது போலிருக்கும். அதிகமாக உள்ளே போயிருந்தால், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அந்த நேரத்தில் நாங்கள் மலைக் கிராமத்தில் வீட்டில் படுத்திருப்போம். கீழே இறங்கி சேலம் போய்ச் சேர இருபது வளைவு.

வீட்டுக் கழிப்பறையிலேயே இதையும் அதையும் கலக்காதே என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத பொந்துக்குள் எங்களைக் கலக்கச் சொல்கிறார்கள்.

3. பாறையில் எழுதிய பெயிண்ட்டை அழிக்க டாய்லெட் ஆசிட் கொடுக்கிறார்கள். ஆசிட் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயுவே வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் மீது விட்டது அந்த வாயுதான்.

4. மேலே தொங்குகிறவற்றின் கதி வேறு. நம் குகைகளில் அடையும் பழந்தின்னி வௌவால்கள் ஓர் ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். கோடையில் பால்குடிக் குட்டி தாயின் நெஞ்சைப் பற்றிக்கொண்டிருக்கும். கீழிருந்து ஆவியும் கூச்சலும் வெளிச்சமும் போனால் கூட்டமே கலைந்து பறக்கும், குட்டி நழுவி விழும். தரையில் விழுந்த குட்டியைத் தாய் எடுப்பது அரிது, எறும்பு மொய்த்துவிடும். அதையும் நாங்களே அள்ளிக் கொட்ட வேண்டும். எங்களைக் காவலுக்கு வைத்திருப்பது இவற்றுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். விரட்டச் சொல்கிறவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது. இலுப்பைப் பழத்தைத் தூக்கிப் போய் விதையைத் தூரத்தில் போடுவது இவைதான். தோட்டங்களுக்கு மேலே இரவெல்லாம் பூச்சி பிடிப்பது பூச்சி தின்னும் சிறு வௌவால்கள்.

5. சுத்தமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்துதான் கேட்கிறோம்:

வௌவால் தொங்கும் அறைக்குக் கீழே உள்ள எச்சத்தைத் தொடவே கூடாது. அதை நம்பி வாழும் பூச்சிகள் அங்கே இருக்கின்றன, பார்வையாளர்கள் போக வேண்டிய இடமும் அதுவல்ல. வாசலிலிருந்து அந்த அறைக்கு முன்பு வரை உள்ள நடைபாதையை மட்டும் எடுத்தால் போதும்.

அதுவும் குட்டி இல்லாத மாதத்தில். கோடை விழாவுக்கு முந்தின வாரத்தில் கூடாது.

தோட்டங்களில் மருந்தடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் போதும், ஆனால் மருந்தே படாத புதியதாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பனி போல அடித்து, பத்து நிமிடம் விட வேண்டும். ஊற்றக் கூடாது, ஊறிவிட்டால் அம்மோனியா இன்னும் எழும். பிறகு தட்டை மண்வெட்டியால் சுரண்டி, இரட்டைச் சாக்கில் கட்டி வெளியே கொண்டு வர வேண்டும். துடைப்பம் வேண்டவே வேண்டாம். ஒருவர் இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, ஒருவர் எப்போதும் வாசலில் நிற்க வேண்டும்.

பெயிண்ட்டுக்கு நைலான் பிரஷும் தண்ணீரும்தான். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து போகும், கல்லில் வெள்ளைத் தழும்பு நிற்கும், அடுத்து வருகிறவன் அதன் மேலேயே எழுதுவான்.

6. தேவையானவை (12 பேருக்கு, ஒரு பருவத்துக்கு). விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை:

என்-95 மாஸ்க்: நடைபாதை வேலை பத்து நாள், ஆளுக்கு நாளுக்கு ஒன்று, மொத்தம் 120. கழுவிப் போடுவது கிடையாது. தாடி இருந்தால் ஒட்டாது, மழித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

என்-95 தூசியை மட்டும்தான் தடுக்கும், அம்மோனியாவைத் தடுக்காது. ஆகவே உள் அறை வரை போய்ப் பார்க்க வேண்டியவர்களுக்கு, அம்மோனியாவுக்கான பச்சைப் பட்டை வடிகட்டிக் குப்பி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம் 4. குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு. பழைய ஸ்டாக்கை அனுப்ப வேண்டாம்.

கண்ணைச் சுற்றி மூடிய பாதுகாப்புக் கண்ணாடி 12, தாடைப் பட்டியுள்ள ஹெல்மெட் 12, ரப்பர் பூட்ஸ் 12 ஜோடி. விழுந்த குட்டியை எடுக்கத் தோல் கையுறை 4 ஜோடி, வெறுங்கையால் வௌவாலைத் தொடக் கூடாது.

விளக்கு ஆளுக்கு மூன்று: தலையில் ஒன்று, பையில் இரண்டு. குகைக்குள் போகிறவர்கள் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் கணக்கு இது. எங்களிடம் இப்போது இருப்பது அவரவர் செல்போன்.

பூட்ஸ் கழுவ வாசலில் ஒரு வாளியும் பிரஷும். 2006-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் வௌவால்களுக்கு வெண்மூக்குப் பூஞ்சை நோய் தெரிந்தது. அதன் பிறகு ஒரு குகையில் போட்ட செருப்பும் துணியும் அடுத்த குகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் பொது நிலக் குகைகளுக்கென்றே 1988-இல் ஒரு சட்டம் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒரு வாளி.

7. வாசலில் போட்ட கதவு பற்றி முன்பே எழுதியாகிவிட்டது, இங்கே சுருக்கமாக. ஒப்பந்ததாரர் வைத்தது கோழிக்கூண்டு மாதிரிச் சதுரக் கண்ணி வலை. வௌவால் பறந்த வேகத்தில் அதில் நுழைய முடியாது. உட்கார்ந்து, இறக்கையை மடக்கி, ஊர்ந்து போக வேண்டும். அங்கேயே பாம்பும் பூனையும் காத்திருக்கின்றன. பூச்சி தின்னும் சிறு வௌவாலுக்கென்றால் கம்பிகள் கிடைமட்டமாக, இடைவெளி 5¾ அங்குலமாக, குறுக்கே நிற்கும் செங்குத்துக் கம்பிகள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். பழந்தின்னிகள் அதிலும் தயங்கும். அவற்றின் குகைக்குக் கதவே வேண்டாம், வாசலை விட்டுத் தள்ளி இடுப்புயர வேலி போதும். வலையைக் கழற்றிவிடுங்கள் ஐயா, ஒரு ஸ்பேனர் இருந்தால் அரை நாள் வேலை.

8. கூலி தாமதம், அடையாள அட்டை, வைகாசியோடு எங்களை நிறுத்திவிடுவதால் அதன் பிறகு குகைகளுக்கு ஆளே இல்லாமல் போவது. இவையும் குறைகள்தான். வேறு மனுவில் எழுதுகிறோம். இவை காத்திருக்கும்.

9. மூச்சு காத்திருக்காது ஐயா. மூன்று மனுவும் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. போன முறை நேரில் கேட்டபோது 'கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னார்கள். கோப்பு நகர்வதற்குள் அடுத்த சித்திரை வந்துவிட்டது, மூட்டை வந்து இறங்கிவிட்டது, துடைப்பம் எண்ணிக் கொடுத்தாகிவிட்டது. 'நாற்றம் அடிக்கிறது என்று டூரிஸ்ட் சொல்கிறார்கள்' என்பதுதான் காரணம் என்றால், டூரிஸ்ட் உள்ளே நிற்பது பத்து நிமிடம். பவுடர் தூவியவர் நாள் முழுக்க நிற்கிறார். நாற்றம் வேண்டாதவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும், நாங்களே அழைத்துப் போய்க் காட்டுகிறோம். குகை என்றால் வௌவால் இருக்கும், வௌவால் இருந்தால் வாடை இருக்கும். அதை இல்லாமல் ஆக்க 12 பேரின் நெஞ்சு எதற்கு?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டோம். கேட்பதைத் திரும்பவும் வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்: இந்த ஆண்டு வந்துள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தாங்கள் ஓர் எழுத்து உத்தரவு தர வேண்டும். வௌவால் குகைக்குள் பவுடர், ஆசிட், துடைப்பம் மூன்றும் கூடாது என்று அதிலேயே இருக்க வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் அடுத்த பருவத்தில் வரும் புதுப் பிள்ளைகள் அதைக் காட்டி மறுக்க முடியும். வாயால் சொன்னதை வாயால் மறுத்தால் மறுநாள் வேலை இருக்காது.

மற்றவை தாமதமானாலும் 120 மாஸ்க் மட்டுமாவது, மூட்டையைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்பு வந்து சேர வேண்டும்.

ஒருநாள் காலையில் தாங்களே நேரில் வந்து, வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கான மாஸ்க்கைத் தாங்களே கொண்டு வர வேண்டியிருக்கும். எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குகைக் காவல் தற்காலிக வாச்சர்கள்
(12 பேரின் கையொப்பம், கைநாட்டு பின்பக்கம்)

இடம்: ஏற்காடு